ஆணியில் தொங்கும் சாவி

1

“வண்டியை எங்கப்பா பேருக்கு மாத்திக் கொடுங்க சார்.”

கதை இங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதே என்று தமிழ்வாணிக்கு அவள் அப்பா முத்துப்பாண்டி ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் முதல் வரியிலேயே கேட்க வைத்துவிட்டேன். எழுதியாகிவிட்டது, இனி அவரால் அவள் வாயைப் பொத்த முடியாது.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாம்பல் நிற வேகன் ஆர் ஒன்று. அதன் இடது முன்கதவில் சோற்றுத்தட்டு அளவுக்கு ஒரு நசுங்கல். கதவு திறப்பதில்லை. காளவாசலில் டிங்கரிங் பார்க்கும் ராஜபாண்டி அண்ணன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இன்சூரன்ஸா, கைக்காசா?” என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். எங்கள் வீட்டில் நாலு நாளாக அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

(எங்கள் வீட்டில் இல்லை. தமிழ்வாணி வீட்டில். ஆனாலும் அந்த வார்த்தையை அடிக்கவில்லை, இருக்கட்டும்.)

2

முதலில் எழுதிப் பார்த்த ஆரம்பம்: ‘எஸ்.எஸ். காலனியின் வேப்பமரங்களின் மேல் அந்தி வெயில் மெல்ல...’

பொய். நடந்தது காலை ஒன்பதரை மணிக்கு.

இரண்டாவது ஆரம்பம்: ‘உழைப்பவனின் பெயர் எந்த ஆவணத்திலும்...’

இது கல்லூரிப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கிய கெட்ட பழக்கம். வேண்டாம், நடந்ததையே சொல்கிறேன்.

ஹாலாஸ்யம் சார் சிவில் வக்கீல். எஸ்.எஸ். காலனியில் சொந்த வீடு. கீழக்குயில்குடி முத்துப்பாண்டி அவரிடம் இருபத்திரண்டு வருஷம் டிரைவர். முதலில் ஒரு அம்பாசடர், அப்புறம் ஒரு சென் கார், கடைசியில் இந்த வேகன் ஆர். மூன்றிலும் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. முத்துப்பாண்டிக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அதுதான். கல்யாண வீட்டில், இழவு வீட்டில், டீக்கடையில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

2019இல் சார் கோர்ட்டுக்குப் போவதை நிறுத்தினார். வண்டிச் சாவியை முத்துப்பாண்டி கையில் வைத்து, இனி இது உன் வண்டி என்றார். இருபத்திரண்டு வருஷத்துக்கு வேறு எதுவும் கொடுக்கவில்லை, இவரும் கேட்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் சார் பேர் அப்படியே இருந்தது. இன்சூரன்ஸ் வருஷா வருஷம் சார் பேருக்கே வந்தது, பணம் கட்டுவது மட்டும் முத்துப்பாண்டி. பேர் மாற்றக் கேட்டால் சாரை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம்.

ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் சாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போக முத்துப்பாண்டி அந்த வீட்டுக்குப் போகிறார். உள்ளே நுழைந்ததும் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணியில் சாவியை மாட்டுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. வண்டி இவருக்கு வந்த பிறகும் கை தானாக அந்த ஆணிக்கே போகிறது.

போன வெள்ளிக்கிழமையும் மாட்டினார். ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த சாரின் மகன் ஜெயந்த், பால் வாங்கப் போக அந்தச் சாவியை எடுத்தான். யாரிடமும் கேட்கவில்லை. ஆணியில் தொங்கினால் அது வீட்டுச் சாவிதானே. முத்துப்பாண்டி உள்ளே தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது. வண்டியைத் திருப்பும்போது கேட் தூணில் விட்டிருந்தான்.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வண்டிக்குள் ஏறினால் கோபம் என்னோடு வர மாட்டேன் என்கிறது.

ரெக்ஸின் வாசம். டேஷ்போர்டு மீனாட்சிக்குப் போட்டு வாடிய கதம்பம். பின்சீட்டில் சாருக்காக விரித்த வெள்ளைத் துண்டு. சார் இருந்தால் மட்டும் ஓடும் ஏசி. தமிழ்வாணி ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடம் நாலு மணிக்கு விடும், சாருக்குக் கோர்ட் ஐந்துக்கு முடியும். இடையில் அப்பா வந்து கேட்டுக்கு வெளியே ஹாரனை இரண்டு தடவை லேசாக அழுத்துவார். முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். பைபாஸ் ரோட்டில் ஒரு சுற்று, ஒன்றே ஒன்று. தள்ளுவண்டியில் பருத்திப்பால். வண்டிக்குள் வைத்துக் குடிக்கக் கூடாது, கீழே இறங்கி நின்று ஊதி ஊதிக் குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் அப்பா தன் துண்டால் அவள் வாயைத் துடைத்துவிட்டு, அதே துண்டால் கண்ணாடியில் அவள் வைத்த கைரேகையையும் துடைப்பார்.

ஒருநாள் அஸ்வினி, கூடப் படித்தவள், யார் வண்டி என்று கேட்டாள். எங்க வண்டி என்று சொல்லிவிட்டு, தமிழ்வாணி அன்று சாயங்காலம் பயந்துகொண்டே அப்பாவிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

“நம்ம வண்டிதான் தாயி. நாலுல இருந்து நாலரை வரைக்கும்.”

நானும் சிரித்தேன். (தமிழ்வாணியும்.)

பட்டம் வாங்கிய அன்று, அதற்குள் வண்டி எங்களிடம் வந்துவிட்டிருந்தது, கறுப்பு அங்கியோடு வெளியே வந்தேன். முன்கதவைத் திறக்கப்போனவளை அப்பா தடுத்து, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டிகிரி முடிச்ச ஆள் பின்னாடிதான் உட்காரணும் என்றார். வழி நெடுக என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பின்சீட்டில் அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நிறுத்தி வைத்த வண்டியில் தூங்கினால்கூட முன்சீட்டைச் சாய்த்துக்கொண்டுதான்.

போதும். இப்படியே போனால் இது பருத்திப்பால் கதையாகிவிடும். அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

4

செவ்வாய்க்கிழமை ஜெயந்த் கூப்பிட்டான். அப்பா தமிழ்வாணியையும் அழைத்துக்கொண்டு போனார். ஏதோ ஃபாரம் நிரப்ப வேண்டுமாம், இங்கிலீஷில் இருக்குமாம். அவர் ஓட்ட, இவள் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். முன்கதவுதான் திறக்காதே.

வழியில் சொன்னார்: “படிச்சு மட்டும் சொல்லு. வேற எதையும் கேட்டுராத.”

உள்ளே நுழைந்ததும் சாவியை ஆணியில் மாட்டினார்.

ஜெயந்த் நல்லவிதமாகத்தான் பேசினான். எவ்வளவு ஆகுமோ ஜிபே பண்ணிவிடுகிறேன் என்று போனை எடுத்தான். முத்துப்பாண்டி கையை நீட்டித் தடுத்தார். நம்ம வீட்டுக்குள்ள காசா தம்பி என்று கேட்டார். அப்படியென்றால் இன்சூரன்ஸ்தான் அண்ணா என்று ஒரு ஃபாரத்தை நீட்டினான். முக்கால்வாசி நிரப்பியிருந்தான். தமிழ்வாணி வாங்கி, எல்லாரும் இருக்கும்போதே தமிழில் படித்தாள்.

உரிமையாளர், ஹாலாஸ்யம். ஓட்டியவர், முத்துப்பாண்டி, சம்பள டிரைவர். விபத்து நடந்த விதம், வண்டியைத் திருப்பும்போது டிரைவரின் கவனக்குறைவால் கேட் தூணில் மோதியது.

அவனுடைய லைசென்ஸ் மார்ச் மாதமே காலாவதியாம். அவன் ஓட்டினான் என்று எழுதினால் க்ளெய்ம் கிடைக்காதாம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றான்.

முத்துப்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கவனக்குறைவுன்னா போட்டிருக்கு?”

“ஆமாப்பா.”

“எங்க கையெழுத்துப் போடணும்?” என்று பேனாவுக்குக் கை நீட்டினார்.

அப்போதுதான் தமிழ்வாணி அந்த முதல் வரியைக் கேட்டாள். சாரைப் பார்த்து. நின்றுகொண்டு.

*

ஒரு குறிப்பு. சாரை வில்லனாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. படித்து முடித்த இங்கிலீஷ் பேப்பரைத் தினமும் மடித்து, உன் பொண்ணு படிக்கட்டும் என்று கொடுத்தனுப்பியவர் அவர். அந்த ஃபாரத்தைப் படித்த இங்கிலீஷ் அவர் வீட்டு இங்கிலீஷ்தான். இது என் கோபத்துக்கு வசதியாக இல்லை. ஆனால் உண்மை.

*

எண்பது வயது சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“உங்கப்பன்கிட்ட என்னிக்காவது நான் அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்டிருக்கேனாம்மா?”

“கேட்டதில்ல சார். அவரே கொண்டாந்து ஆணியில மாட்டிடுறாரு.”

ஜெயந்த் ஆணியைப் பார்த்தான். முத்துப்பாண்டி பார்க்கவில்லை.

“நாப்பது வருஷம் பத்திரத்துல யார் பேரு இருக்குன்னுதான சார் கோர்ட்ல பேசுனீங்க? ஒங்க கட்சிக்காரரு யாராவது இப்படி வாய்வார்த்தையில வண்டி வாங்கியிருந்தா, என்ன சொல்லி அனுப்பியிருப்பீங்க?”

“விடு தாயி,” என்றார் முத்துப்பாண்டி. “போதும்.”

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இப்ப என்னம்மா அவசரம், ஜெயந்த் ஊருக்குப் போகட்டும், சாவகாசமா பார்த்துக்கலாம் என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

5

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ. சாருக்குக் கண் கலங்குகிறது. பேர் மாற்ற ஃபாரத்தில் கையெழுத்துப் போடுகிறார். ஜெயந்த் மன்னிப்புக் கேட்கிறான். எல்லாரும் காபி குடிக்கிறார்கள். இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

ஆ. முத்துப்பாண்டி பேனாவை வீசியெறிந்துவிட்டு ஒரு பக்கத்துக்குப் பேசுகிறார். இது நடக்கவே நடக்காது. அவர் ஆயுசில் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியது கீறல் விழாத மூன்று வண்டிகளைப் பற்றி மட்டும்தான்.

இ. முத்துப்பாண்டி கையெழுத்துப் போடுகிறார். நடக்கக்கூடியது இதுதான். பேனாவை வாங்கிவிட்டார், ‘மு’ என்று எழுதிவிட்டார், அடுத்து ‘த்...’

எழுத மாட்டேன். இருபத்திரண்டு வருஷத்தை இரண்டு இஞ்சுக் கட்டத்துக்குள் கவனக்குறைவு என்று என் கையால் எழுதி முடிக்க முடியாது. அவர் போட்டால் போடட்டும், இந்தக் காகிதத்தில் இல்லை.

6

தமிழ்வாணி பையைத் திறந்தாள். ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல் கடையில் வாங்கிய பேர் மாற்ற ஃபாரம் அதில் மூன்று மாதமாகக் கிடந்தது. அதை எடுத்து இன்சூரன்ஸ் ஃபாரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மேசையில் இரண்டு காகிதம், அப்பா கையில் ஒரு பேனா.

“இன்சூரன்ஸும் வேணாம், கைக்காசும் வேணாம். நசுங்குனது நசுங்குனபடி இருக்கட்டும். யாரு இடிச்சதுன்னு கேக்குறவனுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

அவள் காலண்டர் பக்கம் போனாள். ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

“ஏத்தா,” என்றார் அப்பா, மெதுவாக. “கேட்டுட்டு எடு.”

அவள் கேட்கவில்லை. அந்த ஆணியில் இந்தச் சாவி இனித் தொங்காது என்பதை, வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள். படி இறங்கினாள். கேட்டைத் திறந்தாள். தூணில் சாம்பல் பெயின்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

இந்த இடத்தில் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. அடுத்தவர் பேரில் ஓடும் வண்டியைப் பற்றி எழுதிக்கொண்டு, கதையை நானே இன்னொருத்தி பேரில் ஓட்டுவது நியாயமில்லை. தமிழ்வாணி என்று வந்த இடமெல்லாம் முனீஸ்வரி என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். அது என் பேர்.

ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து ஹாரனை இரண்டு தடவை லேசாக அழுத்தினேன். அப்பா எதில் கையெழுத்துப் போட்டார், போட்டாரா என்று எனக்குத் தெரியாது. வந்தால் இடது முன்கதவு அவருக்குத் திறக்காது. அதனால் கையை நீட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன். வெள்ளைத் துண்டை எடுத்துவிட்டேன்.

அவர் வந்து உட்காருவாரா என்பதை நீங்கள் இருந்து பாருங்கள். நான் திரும்பிப் பார்ப்பதாக இல்லை, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.