கடைசி மணி வரைக்கும்

வானதி மூன்றாம் முறையாக விடைத்தாளைச் சரிபார்த்தாள். ஒரு கோடு இம்மி கோணல். அழித்துவிட்டு ஸ்கேல் வைத்து மறுபடி போட்டாள். அந்த நேரத்தில் குடவாசல் வீட்டில் அவளுடைய அப்பா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார்.

அப்பா பஞ்சநதம் வாத்தியார் லேசுப்பட்டவர் அல்ல. காக்காய்கூட அவர் வீட்டுக் கொடியில் இடைவெளி விட்டு வரிசையாகத்தான் உட்காரும். மகள் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தால், மீதி ரெண்டு எங்கே விழுந்தது என்று பஸ் ஸ்டாண்டு வரை தேடிவரச் சொல்வார். பரீட்சைக்குப் பரீட்சை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். வாத்தியார், தலையிலும் ஒன்றுமில்லை என்றார். கடைசி மணி அடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

காலையில் அம்மா அம்சம் அழுகைக்கு நடுவே சொல்லித்தான் அனுப்பினாள். பாஸாகிற அளவுக்கு எழுதினால் போதும். ராகுகாலத்துக்கு முன்னால் எடுத்தாக வேண்டும். பெற்ற மகள் வாய்க்கரிசி போடாமல் அவரை அனுப்ப முடியாது. வானதிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பரீட்சையா, அதுவா என்றால் அதுதான்.

எல்லாம் எழுதி எப்போதோ முடித்தாகிவிட்டது. எழுந்து போக வேண்டியதுதான். கால் வரவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை என்று கை தாளைத் திருப்பியது. அந்தக் கையைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது. மணி அடித்தது.

வெளியே வண்டியோடு நின்ற சித்தப்பா ராஜ்குமார் கொதித்துக்கொண்டிருந்தார்.

"மூணு மணி நேரமா என்னத்த எழுதுன? ஊர்ப் பத்திரத்தையெல்லாமா?"

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி போன போக்கில் வழியிலிருந்த வேகத்தடைகள் இன்னும் திட்டிக்கொண்டிருக்கும்.

தெருவெல்லாம் பூ இறைந்து கிடந்தது. வாய்க்கால் மதகடியில் பாடையை இறக்கித் திசை மாற்றி வைத்திருந்தார்கள். பெண்கள் அதற்குமேல் போவதில்லை, திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அம்மா அவளைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுடுகாட்டில் ஆண்கள் போடுவதற்கான அரிசி ஒரு தூக்குவாளியில் இருந்தது. வானதி அதைப் பிடுங்கினாள்.

"முகத்தத் தொறங்க."

முறையில்லை, நேரமாகிறது என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள்.

"தொறங்கன்னேன்."

சித்தப்பா துணியை விலக்கினார். ஒரு பிடி அரிசியை அப்பாவின் உதட்டில் வைத்தாள். ரெண்டு அரிசி மணி கன்னத்தில் சிந்தியது. அவள் விரல் தானாகப் போய் அதைப் பொறுக்கி, உதட்டுக்கு நடுவில் சரியாக வைத்தது.

அந்த விரலையே பார்த்தாள். பிறகு தூக்கை அப்படியே கவிழ்த்தாள். மூக்கு, மீசை, விபூதிப் பட்டை, கண்குழி, எங்கும் அரிசி.

துடைக்க வந்த சித்தப்பாவின் கையைத் தட்டிவிட்டாள்.

"இருக்கட்டும் சித்தப்பா. அப்படியே போவட்டும்."

தூக்கினார்கள். பாடை குலுங்கிய குலுக்கலுக்கெல்லாம் அரிசி தார்ரோட்டில் உதிர்ந்துகொண்டே போனது. பின்னால் நடந்தவர்களின் காலடியில் அது நறநறத்தது.