ஏழாம் தெருப் பியானோவில் குடியேறிய குரல்

எனெய்தா சமூதியோவின் பாட்டுக் குரல் ஒரு நவம்பர் மாதப் பிற்பகலில் அவள் தொண்டையை விட்டு இறங்கி, கத்பர்ட் லேனின் பியானோவுக்குள் குடியேறியது. அந்த வாரம் கோலோன் நகரில் உப்புக் கருவாடு விலை ஏறியிருந்தது. பனாமா சிட்டிக்குப் போகும் ரயில் பாதை மழையில் மூழ்கியிருந்தது. வாழைக்குலை ஏற்றிய கப்பல் ஒன்று துறைமுகத்தில் நகரமுடியாமல் நின்றது. ஊர் இவை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசியது, ஒன்றுக்கு மற்றது பெரிது என்று யாரும் சொல்லவில்லை.

ரயில்தான் தொடக்கம். தலைநகரத்துப் பாடகி எனெய்தா கச்சேரிக்காக, பாதை மூழ்குவதற்கு முதல் நாளே கோலோனுக்கு வந்துவிட்டாள். அவளுடைய பெரிய வாத்தியக் குழு பனாமா சிட்டியிலேயே மாட்டிக்கொண்டது. அன்று மாலை அவள் பாடியே ஆகவேண்டும். அவளுடைய பொலேரோக்களை, அந்தக் காதல் சோகப் பாட்டுகளை, கேட்டு அழுவதற்கென்றே மதுக்கடைகளில் காசு போட்டால் பாடும் பெட்டிகளை வாங்கி வைத்திருந்த ஊர் அது. வேறு வழியில்லாமல் ஏழாம் தெருவிலிருந்த லேனின் வீட்டுக்கு ஒத்திகைக்குப் போனாள். லேன் ஜாஸ் வாசிப்பவர். பார்படோஸிலிருந்து கால்வாய் வெட்ட வந்தவரின் மகன், நெட்டையானவர், கழுத்துப்பட்டி கட்டாமல் தெருவில் இறங்காதவர், பொலேரோவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர். ஒருமுறை வாசித்ததை மறுமுறை வாசிக்கமாட்டார். அதைவிட மோசம், வாசிக்கவேண்டிய இடத்தில் வாசிக்காமல் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இசை இருப்பதே அந்த இடைவெளியில்தான் என்பது அவர் கட்சி. நாலாபக்கமும் வயலின்கள் தாங்கிப் பிடிக்கப் பாடிப் பழகிய எனெய்தா, இரண்டாவது பாட்டின் நடுவில் அப்படி ஓர் இடைவெளியில் கால் வைத்தாள். கீழே ஒன்றும் இல்லை. குரல் தவறி விழுந்தது.

விழுந்த குரல் பியானோவுக்குள் போனதற்கு ஊரார் மந்திரம் மாயம் எதையும் காரணமாகச் சொல்லவில்லை. கோலோனில் மழைக்காலத்தில் செருப்புக்குள் காளான் முளைக்கும், அலமாரியில் வைத்த சட்டை ஈரமாகவே இருக்கும். பியானோ வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதன் பெட்டிக்குள் ஒரு மின்விளக்கை மாட்டி இரவும் பகலும் எரியவிடுவார்கள், கம்பி துருப்பிடிக்காமலும் கட்டைகள் ஊறாமலும் இருப்பதற்காக. அந்த வீட்டிலேயே காய்ந்து கதகதப்பாக இருந்த ஒரே இடம் அதுதான். பூனையாக இருந்தாலும் அங்கேதான் போயிருக்கும் என்றாள் லேனின் மனைவி ஹயசிந்த்.

பேச்சுக் குரல் மட்டும் மிச்சமிருந்தது. ஓலைப்பாயைத் தரையில் இழுத்ததுபோல ஒரு குரல். அதை வைத்துக்கொண்டு எனெய்தா லேனைத் திட்டினாள், வைத்தியரிடம் போனாள், பாதிரியாரிடம் போனாள், சூடான ரம்மில் எலுமிச்சை பிழிந்து குடித்தாள். பியானோவைத் திறந்தும் பார்த்தார்கள். சுத்தியல்களும் செத்த ஈசல்களும் எரிகிற விளக்கும் இருந்தன, வேறொன்றும் இல்லை. ஆனால் லேன் கட்டையில் கை வைத்தால் போதும், அவள் குரல் எழுந்து வரும். வேறு யார் வாசித்தாலும் அது வெறும் பியானோதான். சொற்கள் அதனிடம் இல்லை, அவை எனெய்தாவிடமே தங்கிவிட்டிருந்தன. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்தால்தான் குரல் அவற்றை வாங்கிப் பாடும். லேனின் நிலைமையும் திண்டாட்டம்தான். அவருடன் வாசித்துக்கொண்டிருந்த டிரம்காரரும் சாக்ஸபோன்காரரும், காதல் தோல்வியில் விசும்பும் பியானோவோடு தங்களால் ஜாஸ் வாசிக்க முடியாது என்று விலகிப்போனார்கள்.

ரயில் ஓடத் தொடங்கியதும் இசைத்தட்டு முதலாளி அப்தியேல் தெஹாதா ஒலிப்பதிவு இயந்திரத்தோடு வந்து இறங்கினார். இனிமையாகப் பேசுவார், கண் மட்டும் சிரிக்காது. எனெய்தா பாடமுடியாது என்ற செய்தி தலைநகரத்துக்குப் போகும் முன்பே ஓர் இசைத்தட்டு கடைக்குப் போய்விட வேண்டும் என்றார். அட்டையில் இருவர் படம், உள்ளே பியானோவும் குரலும், எங்கிருந்து வருகிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள். அவள் மறுத்தால், அவளைவிடப் பத்து வயது இளைய ஒரு பாடகி சீவிச் சிங்காரித்துக்கொண்டு தயாராக இருப்பதையும் போகிற போக்கில் சொல்லிவைத்தார். எனெய்தா ஒப்புக்கொண்டது அதற்காக அல்ல. பாடவேண்டியதையெல்லாம் பாடித் தீர்த்தால் குரல் அலுத்துப்போய்த் தானாக வீடு திரும்பும் என்று ஹயசிந்த் சொல்லியிருந்தாள். அந்த ஒரு நம்பிக்கைதான். லேனும் அதே நம்பிக்கையில்தான் தலையாட்டினார்.

தினமும் மதியச் சோற்றுக்குப் பிறகு, ஜன்னல்களில் போர்வை கட்டி, ஏழாம் தெருக் கூடத்தில் பதிவு நடந்தது. லேன் வாசித்தார், எனெய்தா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொற்களை முணுமுணுத்தாள், குரல் பியானோவுக்குள்ளிருந்து பாடியது. முதல் பாட்டிலேயே அவளுக்கு வயிறு எரியத் தொடங்கியது. அது அவள் குரல்தான், ஆனால் அவளிடம் இருந்த காலத்தில் ஒருநாளும் அப்படிப் பாடியதில்லை. தாமதமாக வந்தது. அழவேண்டிய இடத்தில் சிரித்தது. லேன் கையைத் தூக்கிவிட்டு இடைவெளி விட்டால், அந்த இடத்தில் குழந்தை தண்ணீரில் குதிப்பதுபோலக் குதித்தது. லேனும் அதைக் கவனித்தார். பொலேரோ என்றால் முகம் சுளிப்பவர், மூன்றாம் நாள் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் குரல் கொழுத்துக்கொண்டே போனது. அதற்கு அலுப்பதாகத் தெரியவில்லை. எனெய்தாவுக்குத்தான் சோறு இறங்கவில்லை. கட்டிய புருஷன் அடுத்த வீட்டில் சந்தோஷமாக இருப்பதைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பெண்ணைப்போல ஆகிவிட்டாள்.

கடைசிப் பாட்டு மிச்சமிருந்தது. அது முடிந்தால் தெஹாதா இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு போய்விடுவார், குரல் இங்கேயே இருந்துவிடும், அவள் வெறுந்தொண்டையோடு ஊர் திரும்ப வேண்டும். எல்லோரும் பின்கட்டில் துவரையும் தேங்காய்ப்பாலும் போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனெய்தா கை கழுவுவதுபோல எழுந்து கூடத்துக்கு வந்தாள். பியானோவின் மேல் பலகையைத் தூக்கினாள். விரல் சுட்டது, விடவில்லை. விளக்கைத் திருகிக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பலகையை மூடினாள். குளிர்ந்தால் வெளியே வரத்தானே வேண்டும். வந்தால் அவளைத் தவிர அதற்குப் போக்கிடம் ஏது?

வெளியே மழை கொட்டியது. கடைசிப் பாட்டை உடனே எடுத்துவிடலாம் என்று அவளே அவசரப்படுத்தினாள். தெஹாதா விரலைச் சொடுக்கினார், நாடா சுழன்றது, லேன் தொடங்கினார். முதல் அடிகளில் குரல் எப்போதும்போலத்தான் வந்தது. சரணத்தில் ஒரு நடுக்கம் கேட்டது. லேன் புருவத்தை உயர்த்தினார். விரலுக்குக் கீழே கட்டைகள் மந்தமாவது அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர் யாரும் எரிகிற அந்த விளக்கைத் தொடமாட்டார்கள், அதனால் தொட்டது யார் என்பதும் தெரிந்துவிட்டது. ஒருமுறை எனெய்தாவைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தவில்லை. ஆரம்பித்ததை நடுவில் நிறுத்துகிற வழக்கம் அவரிடம் இல்லை. குரலைச் சூடாக வைத்திருப்பவர்போல மெதுவாக, மிக நெருக்கமாக வாசித்தார். குரல் இருமியது. எனெய்தா வாயைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். தொண்டையில் ஒன்றும் வந்து இறங்கவில்லை. குரல் இழுத்துக்கொண்டு கிடந்தது, ஒரு சொல்லை முடிக்க முடியாமல் அடுத்த சொல்லுக்குத் தவித்தது. அது வீடு திரும்பிக்கொண்டிருக்கவில்லை. செத்துக்கொண்டிருந்தது.

லேன் கையைத் தூக்கினார். குரல் குதிக்கவேண்டிய இடம் அது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. கதவருகில் நின்ற ஹயசிந்த் சமையல் மேலங்கியின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்கு இல்லாமல் போனால் போகட்டும், எங்காவது இருக்கட்டும் என்று அந்தக் கணத்தில் எனெய்தாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் அவளுக்கே ஆச்சரியம். அந்தப் பாய் இழுக்கும் குரலிலேயே, வராத அந்த வரியைப் பாடினாள். பாடிக்கொண்டே எழுந்தாள், பலகையைத் தூக்கினாள், கைப்பையைத் துழாவி விளக்கை எடுத்துத் திருகினாள். உலோகம் கிறீச்சிட்டது இசைத்தட்டில் இன்றைக்கும் கேட்கும். லேன் அந்தக் கிறீச்சுக்கும் சேர்த்து வாசித்தார். அடுத்த வரியையும் அவளே பாடினாள், அதற்கடுத்ததையும். பாட்டு முடிகிற கட்டத்தில்தான் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று, ஈரத்தோடு, அவளுக்குக் கீழே மெல்ல வந்து சேர்ந்துகொண்டது. இரண்டும் ஒன்றாக முடித்தன.

தெஹாதா தலையில் கை வைத்துக்கொண்டார். இது நாய் ஊளையிடுகிற மாதிரி இருக்கிறது, இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார். வாசித்ததை மறுபடி வாசிக்கிற ஆள் தான் இல்லை என்று சொல்லிவிட்டு லேன் பியானோவை மூடினார். தெஹாதா முணுமுணுத்துக்கொண்டே வராந்தாவுக்குப் போனபிறகு எனெய்தாவின் பக்கம் திரும்பினார்.

"பல்ப நீங்கதான கழட்டினீங்க?"

"ஆமா. என் சாமான், நான் எடுக்கப் பாத்தேன். அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல." லேன் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். "சுருதி சுத்தமா இல்ல. ஆனா வரவேண்டிய எடத்துல வந்தீங்க."

"இத்தன வருஷத்துல எனக்குக்கூட அவர் இப்படிச் சொன்னதில்ல, பொண்ணே" என்றாள் ஹயசிந்த். "உக்காந்து சோத்தத் தின்னு. பாதியில எந்திரிச்சுப் போனியே, கை கழுவத்தான் போறன்னு நாங்க நம்பினோம்னு நெனைச்சியா?"

இசைத்தட்டு வந்தது. அட்டையில் இருவர் பெயர் இருந்தது, கேட்டவர்கள் மூன்று பேரை எண்ணினார்கள். அந்தக் கரகரத்த பெண் யார் என்று கேட்டு வானொலி நிலையத்துக்கு ஆள்மேல் ஆள் வந்தார்கள். எனெய்தாவின் அக்கா என்றார்கள், லேனின் கள்ளக்காதலி என்றார்கள்; ஹயசிந்த் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதுக்கடைகளில் அந்தக் கடைசிப் பாட்டுதான் அதிகம் ஓடியது, தெஹாதா அது முதலிலிருந்தே தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார். அதன்பிறகு எனெய்தா ஊர் திரும்பவில்லை. ஏழாம் தெருவிலேயே ஒரு மாடியில் குடியேறினாள். எங்கெல்லாமோ போய், அந்தக் குரலோடு சேர்த்து மூவராகப் பாடினார்கள், பியானோவை ரயிலிலும் படகிலும் ஏற்றி, பெட்டிக்குள் விளக்கு அணையாமல் இருக்க லாரி பேட்டரியையும் சுமந்துகொண்டு. வழியெல்லாம் அவளும் லேனும் சண்டை போட்டார்கள். உச்சரிப்பு சரியில்லை என்பார் அவர், கஞ்சத்தனமாக வாசிக்கிறீர்கள் என்பாள் அவள். மேடையில் ஏறினால் கரகரத்த குரல் கேட்கும், பியானோவுக்குள்ளிருந்து மற்றக் குரல் பதில் சொல்லும். வருஷங்கள் போயின. அவளுக்கு முடி நரைத்தது. உள்ளே இருந்தது நரைக்கவில்லை. அதைத் திரும்பக் கேட்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

லேனுக்கு எழுபத்தொன்பது வயதானபோது நெஞ்சில் சளி கட்டியது. பெரிதாக ஒன்றுமில்லை என்று வைத்தியர் சொன்னார், எல்லோரும் நம்பினார்கள். வெயில் காலத்து ஒரு காலையில் அவருக்குச் சூப் வைக்க மீன் வாங்க எனெய்தா கடற்கரைச் சந்தைக்குப் போனாள். பிங்க்னியின் கடையில் சங்கரா மீன் புதிதாக வந்திருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என்ன விலை என்று கேட்க வாயைத் திறந்தாள்.

கேள்வி பாட்டாக வந்தது. முழுதாக, திரண்டு, அவளை விட்டுப் போன அன்றைய இருபத்தெட்டு வயதுக் குரல், சந்தைக் கூரையின் தகரம் அதிரும்படி. இரண்டு கடை தள்ளி வாழைக்காய் விற்றவள் தராசைக் கீழே வைத்தாள். யார் கை பட்டால் மட்டும் அந்தக் குரல் பியானோவிலிருந்து எழும் என்பது சந்தை முழுவதற்கும் தெரியும். எனெய்தா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒரு காலத்தில் எதற்காக வைத்தியர் வீட்டுக்கும் தேவாலயத்துக்கும் அலைந்தாளோ அது இப்போது தொண்டையில் சூடாக உட்கார்ந்திருந்தது, அவளுக்கு அது வேண்டாம். திருப்பிக் கொடுக்க இடமில்லை என்று தெரிந்து கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது.

பிங்க்னி கத்தியைத் துடைத்து வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"எப்பம்மா அடக்கம்?" என்றார்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள். வாயைத் திறந்தால் பாடிவிடும்.

"சரி, நீங்க வீட்டுக்குப் போங்க. மிஸ் ஹயசிந்துக்கு ஆக்கிப்போட இன்னைக்கு ஆள் வேணும்ல" என்று சொல்லி, அவர் அந்த மீனைச் செதில் நீக்கி, கழுவி, இலையில் சுற்றினார். எனெய்தா ஒரு கையால் அதை வாங்கிக்கொண்டு, மறு கையை வாயிலிருந்து எடுக்காமலேயே, ஏழாம் தெருவைப் பார்த்து நடந்தாள்.