முழங்கால் தண்ணீர்

டீசல் போட்டுக்கொண்டு வந்து நிறுத்திய லாரிக்கு அடியில் வசந்தகுமார் மூன்றாவது முறையாகப் படுத்து எழுந்தான். பின் அச்சுக்கு நேர் கீழே பழைய டிவி அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்திருந்தான். முதலில் பார்த்தபோது இரண்டு சொட்டு. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது ஐந்து. இப்போது எண்ணவில்லை, எண்ணினால் மட்டும் குறைந்துவிடவா போகிறது? வலது பின்சக்கரத்தின் உள்பக்கமாக டயரின் மேல் ஈரக்கோடு ஒன்று இறங்கியிருந்தது. தண்ணீராக இருக்கக் கூடாதா என்ற நப்பாசையில் விரலால் தொட்டு முகர்ந்தான். கியர் ஆயிலின் வாடை மண்டைக்கு ஏறியது.

பத்து மணிக்கு மச்சான் வந்துவிடுவார். மச்சான் என்றால் மனைவி இலக்கியாவின் அண்ணன் வெற்றிசெல்வன். லாரி இருவருக்கும் பொது. பதினைந்து நாள் இவன் ஓட்டுவான், பதினைந்து நாள் அவர் ஓட்டுவார். வண்டி கை மாறும் நாளில் அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டிய ஆள் இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் நின்று, வண்டியில் உள்ள குறையை எல்லாம் வாயால் சொல்லித்தான் சாவியைக் கொடுக்க வேண்டும். ஹாரன் கம்மியது முதல் தார்ப்பாயில் விழுந்த ஓட்டை வரை எதையும் விடக் கூடாது. சொல்லிவிட்டால் பொறுப்பு வாங்கியவருடையது. சொல்லாமல் விட்டது என்ற ஒன்று நான்கு வருடத்தில் இருந்ததே இல்லை. அதனால்தான் மச்சான் சாவியை வாங்கிய பிறகு குனிந்து ஒரு நட்டைக்கூடத் தொட்டுப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கை வசந்தகுமாருக்கு இன்றைக்குத்தான் கழுத்தைப் பிடித்தது.

அதுவும் இன்றைக்கு என்ன லோடு? கட்டுமாவடியில் கருவாடு ஏற்றிக்கொண்டு கொடைக்கானல். மலைப்பாதை. நிறைந்த பாரத்தோடு மேலே ஏறி, மறுநாள் மலைக்காய்கறியை ஏற்றிக்கொண்டு அத்தனை வளைவிலும் பிரேக்கை நம்பியே இறங்கி வர வேண்டும்.

"மலைக்குப் போற வண்டி. நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் இலக்கியா வாசலில் இருந்து. அண்ணனுக்கு வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க, காலையில இருந்து அங்கிட்டும் இங்கிட்டும் லாந்திக்கிட்டு இருக்கீங்க? மறுபடியும் ஒழுகுதா?"

"ஒழுகல. சும்மா கசிவுதான்."

"ராசண்ணன் ரெண்டு தடவை சீல் மாத்துனாரே."

"அதான் நானும் பாக்குறேன்" என்று அதட்டலாகச் சொல்லிவிட்டு, அதட்டியதற்காகத் தன்மேலேயே எரிச்சல்பட்டான்.

ராசு மேல் குற்றம் சொல்லவே முடியாது. குளத்தூர் முக்கத்தில் முப்பது வருடமாக லாரிகளின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் மெக்கானிக். முதல் தடவை கொண்டுபோனபோது, அச்சின் நடுவே பல்சக்கரங்கள் சுழலும் கூடு இருக்கிறதே, கிரவுன் என்பார்கள், அதன் நட்டைத் திறந்து ஆயிலை வாளியில் இறக்கினார். கறுப்பாக வர வேண்டியது பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. ராசு வாளியைப் பார்த்தார். பிறகு இவனைப் பார்த்தார்.

"தம்பி, வண்டி தண்ணியில எறங்குச்சா?"

"ரோட்டுல நின்ன மழைத்தண்ணிதாண்ணே."

"எம்புட்டு?"

வசந்தகுமார் குனிந்து முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக் காட்டினான். மனுசனுக்குப் பொய் வாயில் இருந்துதான் வர வேண்டும் என்று இல்லை. ராசு அந்தக் கையை நம்பினார். முழங்கால் தண்ணீர் என்றால் சக்கரத்தின் நடுமட்டத்தைக்கூடத் தாண்டாது. அச்சு முனையில் ஆயிலைத் தடுத்து நிற்கும் பழைய சீல் வழியாக ஏதோ கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று முடிவு கட்டி, ஆயிலை மாற்றி, சீலை மாற்றி அனுப்பினார். நான்கு நாளில் மறுபடியும் ஒழுகியது. வேறு கம்பெனி சீல் போட்டார். அதுவும் ஒழுகியது. "என் கையில என்னமோ கோளாறு தம்பி" என்று அந்த மனுசன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னபோது, இவனுக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

மச்சானுக்கும் இவனுக்கும் நடுவே இருந்த ஒரே நிபந்தனை தண்ணீர்தான். வெற்றிசெல்வனுக்கு முன்பு சொந்தமாக ஒரு லாரி இருந்தது. ஒரு ஐப்பசியில் தரைப்பாலத்து வெள்ளத்தில் இறக்கி, நடுவில் நின்று, இரவு முழுக்கக் கேபின் மேல் உட்கார்ந்திருந்து உயிர் பிழைத்தார். வண்டி பிழைக்கவில்லை. அதன் பிறகு எட்டு வருடம் அடுத்தவன் வண்டியை ஓட்டினார். இந்த லாரியைச் சேர்ந்து வாங்கிய அன்று, "எப்படி வேணா ஓட்டுங்க மாப்ள, தண்ணியில மட்டும் எறக்காதீங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

இறக்கியது பன்னிரண்டு நாளைக்கு முந்தி. ஒரு சடங்கு வீட்டுக்குத் தாய்மாமன் சீர் ஏற்றிப் போனான். பீரோ, இரண்டு ஆடு, நெல் மூட்டை, நூற்றியொரு தட்டு, தட்டுகளுக்கு நடுவே புது வேட்டியில் விறைப்பாக நின்ற தாய்மாமன். ஊருக்கு ஒரு கல் தூரம் இருக்கும்போது, ரயில் தண்டவாளத்துக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர் குளமாக நின்றது. சுற்றிப் போனால் ஒரு மணி நேரம் ஆகும், முகூர்த்தம் அரை மணியில். பெண்கள் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தார்கள். தட்டுகளையும் தலையில் தூக்கிக்கொண்டு போயிருந்தால் பாதிச் சீராவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மாமன் ஒத்துக்கொள்ளவில்லை. "கௌம்புன சீரை நடுவழியில எறக்கக் கூடாதுப்பா. எம்மருமகளுக்கு ஆகாது" என்று தட்டுகளை விட்டு அசையாமல் சொன்னார். அந்தப் பக்கத்து மேட்டில் கொட்டு மேளத்தோடு எதிர்கொண்டு அழைக்க வந்தவர்கள், "வாங்க, வாங்க" என்று கையை ஆட்டினார்கள்.

அந்தக் கைகள்தான் அவனைக் கெடுத்தன. மாமனுக்காக இறக்கினேன் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டான், ஒட்டவில்லை. நூறு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக இறக்கினான். உண்மை அதுதான்.

இறக்குவதற்கு முன்னால் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தான். சூடான அச்சு திடீரென்று குளிர்ந்த தண்ணீருக்குள் போனால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மேலே இருக்கும் மூச்சுக்குழல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும் என்பது அவனுக்குத் தெரியும். ஒழுகும் டீசல் டாங்கிக்கு சோப்பை அப்பி வீடு வந்து சேராத டிரைவர் உண்டா? மாமனிடம் கேட்டதும் சீர்த்தட்டில் இருந்த சந்தன சோப்பைப் பிரித்துக் கொடுத்தார். அதைப் பிசைந்து, துணிக்கிழிசலோடு சேர்த்து மூச்சுக்குழலில் திணித்தான். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் ஏறியது. வேட்டு வெடித்தார்கள். தோளில் துண்டு போட்டார்கள். சோப்பா? தண்ணீரில் கரைந்துபோயிருக்கும் என்று விட்டுவிட்டான். அதன் பிறகு அதை நினைக்கவே இல்லை.

இப்போது நான்காவது முறையாக அடியில் படுத்து, எதற்கென்று தெரியாமல் அச்சின் மேல்பக்கம் கையை விட்டுத் தடவியபோது விரலில் கல்லாக ஏதோ நெருடியது.

கை அப்படியே நின்றது. கரையவே இல்லை. சகதியும் துணியும் சோப்பும் அச்சின் சூட்டில் வெந்து இறுகிக் கிடந்தன. மூச்சுக்குழல் அடைத்துக் கிடந்தால் ஓட ஓட உள்ளே காற்று சூடேறி, போக வழி இல்லாமல் சீலைப் பிதுக்கிக்கொண்டு ஆயிலோடு வெளியே வரும். ராசு பத்துச் சீல் மாற்றினாலும் அப்படித்தான் வரும். முழங்கால் தண்ணீர் என்று நம்பிய மனுசன் மூச்சுக்குழலை எதற்குப் பார்க்கப் போகிறார்? வசந்தகுமார் திருப்புளியை எடுத்து நெம்பினான். ஓடி வந்த சூடு இன்னும் இருந்ததால், அடைப்பு தெறித்ததும் உஸ்ஸென்று காற்று அவன் முகத்தில் அடித்தது. ஆயில் வாடையோடு, இத்தனை நாளுக்குப் பிறகும், லேசான சந்தன வாசம்.

சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா! சொட்டு நின்றுவிடும். யாருக்கும் தெரியாது. ராசுவிடம்கூட, "ஒங்க ரெண்டாவது சீல் பிடிச்சுக்கிருச்சுண்ணே" என்று சொல்லி அந்த மனுசனின் கைக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடைப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவனின் கண், வேண்டாம் வேண்டாம் என்றாலும், வலது சக்கரத்து ஈரக்கோட்டுக்கே போனது.

ஆயில் வெளியே இவ்வளவு வந்திருக்கிறது என்றால் உள்ளே பிரேக் டிரம்முக்குள் எவ்வளவு போயிருக்கும்? பிரேக் லைனர் ஆயிலைக் குடித்துவிட்டால் பிடிக்காது, வழுக்கும். காலையில் டீசல் போடப் போனபோது ஒரு மாட்டுக்காகப் பிரேக்கை அழுத்தினான். வண்டி இடது பக்கம் இழுத்தது. ரோடு சரியில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டான். ரோடு நன்றாகத்தான் இருந்தது. காலி வண்டி, சமதரை, அதற்கே அந்த இழுப்பு. நிறைந்த பாரத்தோடு, வளைவில், இடப்பக்கம் பள்ளம் இருக்கும்போது?

சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைப் பிரித்து, லைனரை மாற்ற அரை நாள் ஆகும். அரை நாள் போனால் கருவாட்டுக்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டுக்கொள்வார். அதுகூடப் பெரிதில்லை. ஏன் கழற்ற வேண்டும் என்று மச்சான் கேட்பாரே. பிரேக் கொஞ்சம் இழுக்குது என்று மட்டும் சொன்னால் போதாதா? பார்த்து ஓட்டுவார், கவனமான ஆள். அப்படிச் சொல்லியும் விடலாம், சொல்லாமலும் விடலாம். ராசுவுக்குப் போன் அடித்தான், எடுக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டான், எடுத்து இடுப்பில் கட்டினான். அட்டைக்குப் போய்ப் பார்த்தான். புதிதாகச் சொட்டவில்லை. அந்தச் சொட்டாத அட்டையைப் பார்க்கத்தான் இப்போது அதிகப் பயமாக இருந்தது. ஒழுகினாலாவது மச்சான் கண்ணில் படும்.

பைக் வந்து நின்றது. வெற்றிசெல்வன் ஹெல்மெட்டைக் கழற்றி, தங்கை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, செருப்பைத் தட்டிக்கொண்டு நேரே இடது முன்சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"சொல்லுங்க மாப்ள."

"ஹாரன் கம்முது மச்சான். மழையில நனைஞ்சா அடிக்காது."

"ம்."

"இடது இண்டிகேட்டர் சில நேரம் எரியாது. தட்டுனா எரியும். தார்ப்பாய்க் கயிறு ஒன்னு இத்துப்போச்சு, புதுசு சீட்டுக்கு அடியில இருக்கு."

"ம்."

"கிளீனர் பக்கத்துக் கதவு... இழுத்துச் சாத்தணும்."

"அது போன மாசமே சொன்னீங்க" என்று சிரித்தார் வெற்றிசெல்வன். சாவிக்காகக் கையை நீட்டினார். "அவ்வளவுதானே?"

இலக்கியா நான்கு எலுமிச்சம்பழத்தையும் முந்தானையில் ஏந்திக்கொண்டு, முதல் பழத்தை வைக்க இடது சக்கரத்துக்குக் குனிந்தாள். அண்ணனும் கணவனும் ஒத்துப் போகிற மட்டும் அவளுக்கு உலகத்தில் குறையே கிடையாது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வசந்தகுமார் சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கினான். சாவியின் பல் கையில் அழுந்தியது.

"பழத்தை வைக்காத" என்றான்.

இலக்கியா நிமிர்ந்தாள். வெற்றிசெல்வனின் நீட்டிய கை அப்படியே நின்றது.

"வலது பின்சக்கரத்தைக் கழட்டணும் மச்சான். லைனர் ஆயில் குடிச்சிருச்சு." சட்டைப்பையில் இருந்து எடுத்து, அந்தக் கல்லை அவர் கையில் வைத்தான். சாவிக்காக நீட்டிய கை அது. வெற்றிசெல்வன் அதைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார். மூக்கருகே கொண்டுபோனார். டிரைவருக்கு டிரைவர் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"எம்புட்டுத் தண்ணி?" என்று கேட்டார், மெதுவாக.

வசந்தகுமார் குனிந்து முழங்காலில் கையை வைத்தான். பழகிப்போன இடம், கை தானாகப் போய் அங்கே நின்றது. பிறகு அது மேலே ஏறியது. தொடை. இடுப்பு. வெற்றிசெல்வனின் கண் அந்தக் கையோடு கூடவே ஏறியது. தொப்புளையும் தாண்டி, நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே உள்ளங்கையைத் தரையைப் பார்த்துப் படுக்க வைத்து நிறுத்தினான். அவன் அதை இறக்கவில்லை.