உட்கார ஏற்ற ஊர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு டெட்ராய்ட் பேசும் என்பது கல்பாக்கம் குடியிருப்பில் அந்தப் பிளாக் முழுக்கத் தெரியும். நரசிம்மன் போனை டீப்பாயின் நடுவில் வைத்து, ஸ்பீக்கர் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, இரைச்சல் கூடாதென்று மின்விசிறியை நிறுத்துவார். எதிர்வீட்டு வாசுதேவன் மங்கி கேப்போடு வந்து உட்காருவார். தை மாதக் கடற்காற்றுக்கு அது அவசியமில்லைதான். அமெரிக்கக் குளிரைப் பற்றிக் கேட்கப் போகிறவர் வெறும் தலையோடு போவது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார் என்பது இளைய மகன் பாலாவின் கணிப்பு.

மணி அடித்தது.

"பரணி, போன வாரம் தெருவுல நீராவி வருதுன்னு சொன்னியே, அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லு. வாசுதேவன் சார் வந்திருக்கார்," என்றார் நரசிம்மன்.

"ஊருக்கு அடியில பைப் போகுதுப்பா," என்றது பரணிதரனின் குரல். "ஒரு எடத்துல பாய்லர் வச்சு, பெரிய கட்டடத்துக்கெல்லாம் அதுலதான் சூடு. ரோட்டுல அங்கங்க கம்பி மூடி இருக்கும், அது வழியா ஆவி வரும். எல்லா மூடியும் ஒண்ணு இல்ல. சிலதுல சும்மா புகைதான். லைப்ரரிக்குப் பின்னாடி சந்துல ஒண்ணு இருக்கு. அது மேல நின்னா முழங்கால் வரைக்கும் கதகதன்னு இருக்கும்."

"லீக்கேஜ்," என்றார் நரசிம்மன், ஏதோ மகனே கண்டுபிடித்துச் சரிசெய்ததைப் போன்ற பெருமையோடு. "இன்சுலேஷன் போயிருக்கும். ஊருக்கே நீராவி சார்! என்ன மாதிரி யோசிச்சிருக்கான் பாருங்க."

அணுமின் நிலையத்தில் சர்வீஸ் முழுவதும் டர்பைன் பக்கம் கழித்தவர் அவர். நீராவி என்ற சொல்லைக் கேட்டால், மற்றவர்களுக்குப் பேரக்குழந்தையைப் பார்த்தால் வருவது போன்ற ஒரு களை அவர் முகத்தில் வரும்.

பார்வதம் சமையலறை வாசலில் நின்றபடியே தன் ஒரே கேள்வியைக் கேட்டாள். "சாப்பிட்டியாடா?"

"சாப்டேம்மா. இங்க ஒரு சர்ச் இருக்கு. நூறு வருஷம் பழசு, முழுக்கக் கருங்கல்லு. கீழ பெரிய ஹால். அங்கதான் சூப் குடுத்தாங்க."

"சர்ச்சுலயா?"

"கல்லுக் கட்டடம்னா சூடு சீக்கிரம் போகாது," என்று வாசுதேவன் விளக்கினார். அவர் சிவில் பிரிவு.

போனை வைத்த பிறகும் இரண்டு பேரும் அந்தச் சர்ச்சின் சுவர் எவ்வளவு கனம் இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாலா ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பொறியியல் மூன்றாம் ஆண்டு. கல்லூரி ஆண்டுவிழாவில் முதல்வரின் உரையை அவர் முன்னாலேயே அவர் குரலில் பேசிக் காட்டி, அவரே கைதட்டிய பிறகு மெமோ வாங்கியவன். வீட்டில் நடக்கும் இந்த நீராவி மாநாட்டை அவன் வாராவாரம் மனதுக்குள் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை கல்லூரி நண்பன் ஜெரோமிடம் நடித்துக் காட்டுவது வழக்கம்.

பரணி போய் இரண்டரை வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் அவனுக்கு டெட்ராய்ட்டைப் பிடிக்கவேயில்லை. பாழடைஞ்ச ஊர், ஆபீஸ் விட்டா ரோட்டுல நாய்கூட இல்ல, பாதி வீட்டுல கண்ணாடி கிடையாது என்று புலம்புவான். அப்போதெல்லாம் போன் ஞாயிறு காலையில் வரும்; அங்கே சனி ராத்திரி. அறைத்தோழன் பாத்திரம் தேய்க்கும் சத்தம் பின்னால் கேட்கும். போன அக்டோபரில்தான் அவனுக்கு ஊர் மேல் காதல் வந்தது. போனும் சாயங்காலத்துக்கு மாறியது. மேப்பிள் இலை சிவப்பதைச் சொன்னான். ஒரு கட்டடத்தின் உள்கூரை முழுவதும் பூவும் பறவையுமாக வரைந்திருக்கிறார்கள் என்றான். அண்ணாந்து பார்த்துக்கொண்டு பெஞ்சில் எவ்வளவு நேரம் இருந்தாலும் காவல்காரர் ஒன்றும் சொல்வதில்லையாம். நடு ஊரில் தூண்கள் மேல் ஒரு குட்டி ரயில் வட்டமாகச் சுற்றுகிறது, ஒருமுறை ஏறினால் யாரும் இறங்கச் சொல்ல மாட்டார்கள் என்றான். ஆபீஸைப் பற்றிப் பேச்சே இல்லை. அதை யாரும் கவனிக்கவுமில்லை. சாப்ட்வேரை நரசிம்மன் என்றைக்குமே பொறியியலில் சேர்த்ததில்லை. பிள்ளை கடைசியில் வழிக்கு வந்துவிட்டான் என்றுதான் அவர் நினைத்தார்.

திங்கட்கிழமை பாலாவும் ஜெரோமும் கல்லூரி நிறுத்தத்தில் இறங்காமல் செங்கல்பட்டு வரை போனார்கள். ஜெரோம் சதுரங்கப்பட்டினத்துக்காரன், அவன் அப்பா பஞ்சாயத்து ஆபீஸில் பம்ப் ஆபரேட்டர். செங்கல்பட்டை இந்த இருவரையும் போல ரசித்தவர்கள் அந்த மாவட்டத்திலேயே இருக்க முடியாது. கொளவாய் ஏரி மேல் பனி எட்டரை வரைக்கும் நிற்கும். அதற்குள் ரயில் நுழைந்து காணாமல் போய், ஹாரன் மட்டும் வேறெங்கிருந்தோ வரும். மலைவாசஸ்தலம் என்று ஊட்டிக்குப் போகிறவர்கள் விஷயம் தெரியாதவர்கள் என்பது அவர்கள் கட்சி. ஏரிக்கரையில் உட்கார்ந்து பாலா அண்ணன் குரலில் ஆரம்பித்தான்.

"அன்பர்களே, செங்கல்பட்டின் சிறப்பு அதன் கட்டடங்கள். ஸ்டேஷன்ல கடைசி பிளாட்பாரம் பெஞ்சு, பத்து மணி வரைக்கும் வெயில் படாது, டிடிஆரும் வர மாட்டார். அப்புறம் கோர்ட்டு. வராண்டா நல்ல அகலம். கையில ஒரு பேப்பரை வச்சுக்கிட்டா வாய்தாவுக்கு வந்தவன்னு விட்டுருவாங்க. மத்தியானத்துக்கு ஆஸ்பத்திரி. முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டா போதும், ஓபி ஹால்ல ஃபேன் கீழயே எடம்."

ஜெரோம் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்டியே உங்க அண்ணன் மச்சான்! சரி, அண்ணாத்த ஆபீஸ்ல இன்னாதான் பண்ணிகினு கீறாரு? அத்த மட்டும் நீ செஞ்சே காட்டினது இல்லியே."

பாலா அடுத்த வரிக்காக வாயைத் திறந்தான். அக்டோபருக்குப் பிறகு வந்த போன்களில் ஆபீஸ் என்ற சொல்லே இல்லை.

கட் அடிக்கிறவனுக்குத்தான் ஓர் ஊரின் கட்டடங்கள் இப்படித் தெரியும். எங்கே வாட்ச்மேன் நல்லவன், எந்தச் சுவருக்குப் பின்னால் காற்று அடிக்காது, எதை எத்தனை மணிக்குத் திறப்பார்கள், எங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வேலைக்கோ வீட்டுக்கோ போகிறவன் இதையெல்லாம் பார்ப்பதில்லை, கடந்து போய்விடுவான். கட் அடிக்கிறவனும் சாயங்காலம் ஆனால் பஸ் ஏறிவிடுவான். மூடியில் எது சூடு என்று காலால் அறிந்து வைத்திருப்பவன் எங்கே போவான்?

"இன்னாடா மூஞ்சி ஒரு மாரி ஆயிப்போச்சு?" என்றான் ஜெரோம்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்தில் பாலா அண்ணனின் வீட்டு எண்ணைச் சுழற்றினான். ஒரு வெள்ளைக்காரப் பெண் மிகுந்த பணிவோடு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றாள். மறுபடி போட்டான். அதே பணிவு. பூத்துக் கண்ணாடிக்கு வெளியே ஜெரோம் சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

வீட்டில் சொல்வதற்கு அந்த வாரம் முழுவதும் நல்ல நேரம் வரவில்லை. எதைச் சொன்னாலும் நடிக்கிறான் என்று நினைக்கும் அளவுக்கு அவன் பெயர் வாங்கியிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் நரசிம்மன் வாசுதேவனுக்காக டெட்ராய்ட்டின் நீராவிக் குழாய்களை உத்தேசமாக வரைந்துகொண்டிருந்தபோது எதிரே போய் நின்றான்.

"அப்பா, அண்ணாவுக்கு வேலை இருக்கா?"

நரசிம்மன் பேனாவைப் பேப்பரிலிருந்து எடுக்கவில்லை. "வேலை இல்லாதவன் கட்டடத்தை ரசிப்பானாடா?"

"அந்த வீட்டு போன் கட் ஆயிருக்குப்பா. நான் போட்டுப் பாத்தேன்."

"வேற வீடு மாறியிருப்பான். நாளைக்குக் கேட்டாப் போச்சு. வாசுதேவன் சார் முன்னாடி உன் கோமாளித்தனத்தை வச்சுக்காதே."

உள்ளே பார்வதம் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். பிறகு குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

ஞாயிறு ஏழு மணிக்கு போன் வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. வாசுதேவன் போகலாமா இருக்கலாமா என்று செருப்பைப் பார்த்தார். எட்டு அடிக்கும்போது வந்தது. ஸ்பீக்கரில் முதலில் காற்றுதான் பேசியது.

"அப்பா. ஆத்தங்கரையிலேர்ந்து பேசறேன்."

"குளிர் எவ்வளவு?"

"பூஜ்யத்துக்குக் கீழ. போர்டுல போட்டிருந்தான்."

"செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா?"

"தெரியலப்பா." தெரியவில்லை என்று பரணி சொல்லி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "ஆறு உறைஞ்சு போச்சு. அக்கரையில கனடா. ஜன்னல் ஜன்னலா காலை வெயில் மின்னுது. நடந்தா எவ்வளவு நேரம் ஆகப்போகுது."

"ஐஸ் எவ்வளவு கனம் இருக்கும்?" என்று கேட்டபடி நரசிம்மன் பேப்பரை இழுத்தார்.

பாலா ஸ்பீக்கரை அணைக்கவில்லை. குனிந்து, போனுக்கு மிக அருகில் போனான். "அண்ணா, நான் பாலா. நேத்து ராத்திரி எங்க படுத்த?"

அந்தப் பக்கம் எதுவோ தகரத்தில் மோதி மோதி அடித்தது.

"நீ இன்னிக்கு யாரையும் பேசிக் காட்டலையா?" என்றான் பரணி. சிரிக்க முயன்றது இருமலாக வந்தது.

"எங்கண்ணா படுத்த?"

"பஸ் ஸ்டேஷன்ல புது வாட்ச்மேன்டா. டிக்கெட் கேக்கறான்."

"பரணி," என்றாள் பார்வதம். அவள் எப்போது போன் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "நீ கெளம்பி வந்துடு. என்ன ஆனாலும் சரி, வந்துடுடா."

"வரேம்மா."

"அங்கேயே நில்லு அண்ணா. அந்த போன்ல நம்பர் எழுதியிருக்கும், அதைச் சொல்லு. நான் திருப்பிக் கூப்பிடறேன்."

"இங்கேர்ந்து ஐஸ் மேல யாரோ நடந்து போயிருக்காங்க பாலா. கால்தடம் நல்லாத் தெரியுது. பாதி ஆறு வரைக்கும் தெரியுது."

"அப்புறம்?"

கார்டில் நேரம் தீர்ந்துவிட்டது என்று ஓர் இயந்திரக் குரல் சொல்லியது. பிறகு அந்த நீளமான ஒற்றை ஒலி. வாசுதேவன் எழுந்து பொத்தானை அணைத்துவிட்டு, எழுந்தது தப்போ என்பது போல் நின்றார். கடல் பக்கத்திலிருந்து காற்று வந்து ஜன்னல் கொக்கியை ஆட்டியது.

"நாலு அங்குலம் இருந்தா ஒரு ஆளைத் தாங்கும்," என்றார் நரசிம்மன். யாரும் அவரைக் கேட்கவில்லை. குரல் அவருடையதாக இல்லை. "ஓடற தண்ணிக்கு மேலன்னா நாலு பத்தாது."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பாலா அவர் கையைப் பார்த்தான். செய்தித்தாளின் ஓரத்தில் ஐஸுக்காக ஒரு படுக்கைக் கோடு. அதன் நடுவில் குச்சிக் கையும் குச்சிக் காலுமாக ஓர் ஆள். ஆளின் தலைக்கு மேலிருந்து கீழ்நோக்கி, எடையைக் குறிக்கும் ஓர் அம்பு. ஆளுக்குக் கீழே இருந்த கோட்டின் மேல் நரசிம்மன் பேனாவை அழுத்தி இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். கோடு பட்டையாகி, பட்டை கறுத்து, மை அடுத்த பக்கத்துக்கு இறங்கத் தொடங்கிய பிறகும் அவர் அதைத் தடித்துக்கொண்டே இருந்தார்.