மூன்றை அழுத்தினால் மோட்டார் நிற்கும்

என் மோட்டார் எனக்குப் போன் செய்யும். சொன்னால் சிரிப்பார்கள், என் மாமியாரே சிரித்தார். கரண்ட் வந்ததும் செல்போனில் ஒரு பெண் குரல், "மும்முனை மின்சாரம் வந்துவிட்டது" என்று சொல்லும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், மூன்றை அழுத்தினால் நிற்கும். ஜாஃபர் சாதிக் என்கிற மெக்கானிக் மன்னார்குடியிலிருந்து வந்து அந்தப் பெட்டியை மாட்டிவிட்டுப் போன அன்றைக்குத்தான் நான் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கணவர் சார்ஜாவில். அப்பா காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து, கடைசியில் என் பெயரில் வாங்கிப் போட்ட ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்கு விட எனக்கு மனசில்லை. மும்முனை கரண்டோ காலையில் வருமா மத்தியானம் வருமா என்று அதற்கே தெரியாது. பெட்டி இல்லாவிட்டால் வேலையை விட வேண்டும், இல்லை நிலத்தை விட வேண்டும்.

பக்கத்து வயல் இராஜாங்கம் மாமாவுடையது. நாலு வருஷமாகப் பேச்சு கிடையாது. அவர் வரப்பைச் செதுக்கினார் என்று நான் சொல்ல, நான் நகர்த்தினேன் என்று அவர் சொல்ல, சர்வேயர் வந்து அளந்தார். யாருக்கும் ஒரு சாண்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. சண்டை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அவர் கை வைத்துவிடக் கூடாதென்று மோட்டார் கொட்டகைக்குப் பெரிய பூட்டாகப் போட்டேன். பெட்டி வந்த பிறகு, "இனிமே போன்லேயே களையும் எடுப்பா பாருங்க" என்று டீக்கடையில் சொன்னாராம்.

தை மாதக் கடைசி. பிந்தி நட்ட என் தாளடி நெல்லில் கதிர் பால் பிடிக்கிற சமயம், தண்ணீர் கட்டாயம் வேண்டும். அவர் சம்பாவை அறுத்துவிட்டார். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்து, தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டிருந்தது. பனியைக் குடித்தே வளர்கிற பயிர் அது. தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

அன்று புதன்கிழமை, தடுப்பூசி நாள். குழந்தைகள் வரிசையாக அலறிக்கொண்டிருந்தன. நடுவில் என் மோட்டார் அழைத்தது. ஒன்றை அழுத்திவிட்டு ஊசியைக் கையில் எடுத்தேன்.

முன்பெல்லாம் தண்ணீர் வைத்தால் மண்வெட்டியோடு வரப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வருவேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். ஒரு நண்டு வளை போதும், மொத்தத் தண்ணீரையும் பக்கத்து வயலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். பெட்டி வந்த பிறகு அந்த நடையை நான் மறந்தே போனேன்.

பதினோரு மணிக்கு, முழங்கால்வரை சேற்றோடு, தோளில் துண்டு இல்லாமல் இராஜாங்கம் மாமா உள்ளே வந்தார். தாய்மார்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"மோட்டார நிறுத்து" என்றார். மூச்சு வாங்கியது. "ஒன் வரப்புல நண்டு வளை. தண்ணி பூரா என் உளுந்துல நிக்குது. துண்ட வச்சு அடைச்சேன், அதையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டு. கொட்டகை பூட்டிக் கெடக்கு. ஒன் நம்பரு எங்கிட்ட ஏது?"

மோட்டாருக்குப் போன் போட்டு மூன்றை அழுத்தினேன். ஊரில் யாரைக் கேட்டாலும் என் நம்பர் கிடைத்திருக்கும். பேசாதவளுடைய நம்பரைக் கேட்க வாய் வராமல் நாலு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மத்தியானம் லீவு சொல்லிவிட்டு வயலுக்குப் போனேன். அவர் வடிகாலுக்கு வாய் வெட்டிக்கொண்டிருந்தார். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தண்ணீருக்குள் அந்தக் குட்டி இலைகளைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது.

"பெட்டியக் கழட்டிடறேன் மாமா."

"கழட்டிட்டு? குத்தகைக்கு வுடப் போறியா?" அவர் நிமிரவில்லை. "ஒங்கப்பன் எவ்வளவு ஆசையா வாங்குன நெலம் அது. வாய மூடிக்கிட்டு வெட்டு."

நான் வெட்டினேன். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் வடிந்தது. மூலையில் கொஞ்சம் உளுந்து போய்விட்டது, மற்றதெல்லாம் தப்பித்தது. கரையேறியதும் ஜாஃபருக்குப் போன் போட்டேன். பெட்டியில் இன்னும் நாலு நம்பர் சேர்க்கலாம் என்றார்.

"ஒங்க நம்பரச் சொல்லுங்க மாமா. அவசரம்னா நீங்களே நிறுத்திக்கலாம்."

"ஒன் மோட்டார நான் நிறுத்துறதா? அப்பறம் வேணும்னே நிறுத்துனேன்னு சொல்லுவே."

"சொல்லுவேன்தான். இருந்தாலும் சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த புதன்கிழமை மறுபடி அழைப்பு. ஒன்றை அழுத்தினேன். அரை மணி நேரத்தில் அந்தக் குரல், "மோட்டார் நிறுத்தப்பட்டது" என்றது. நான் நிறுத்தவில்லை. எனக்கு உச்சி கொதித்தது. பால் பிடிக்கிற நேரத்தில் கிழவர் தன் வேலையைக் காட்டிவிட்டாரே என்று அவரைக் கூப்பிட்டேன்.

"சண்டைக்குத்தான் கூப்புடுவேன்னு தெரியும்" என்றார் எடுத்த எடுப்பிலேயே. "கெழக்கு வரப்புல ஒரு வளை. ஒன் தண்ணியெல்லாம் வடிகால்ல வீணாப் போவுது. அடைச்சுட்டுப் போட்டு வுடறேன், வேலையப் பாரு."

அவருடைய வயல் எனக்கு மேற்கே இருக்கிறது. கிழக்கு வரப்பு உடைந்தால் அவர் உளுந்தில் ஒரு சொட்டுகூட விழாது. நான் நடக்காத நடையை அவர் நடந்திருக்கிறார்.

பத்து நிமிஷம் கழித்துக் குரல் வந்தது. "மோட்டார் ஓடுகிறது."

நான் ஒன்றை அழுத்தவே இல்லை. கண் கலங்கிவிட்டது.

"என்னக்கா, ஊசிய ஒங்களுக்கே போட்டுக்கிட்டீங்களா?" என்றாள் குழந்தையோடு முன்னால் உட்கார்ந்திருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சாயங்காலம் வயலுக்குப் போகும்போது, கொட்டகையின் இரண்டாவது சாவியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனேன்.