பதினோரு வாழ்த்து அட்டைகள்

தனசேகரன் வீட்டில் பொங்கல் வாழ்த்து அட்டைக்கு ஆயுசு ஒரு வருஷம்தான். வந்தவற்றைக் கூடத்துச் சுவரில் சணல் கட்டித் தொங்கவிடுவாள் அவன் மனைவி பெரியநாயகி. அடுத்த போகியன்று கிழிந்த பாயோடும் தேய்ந்த துடைப்பத்தோடும் அவை நெருப்புக்குப் போகும்.

எண்பத்தெட்டாம் வருஷப் போகியன்று அவள் சணலை அவிழ்த்தபோது, அவன் வந்து ஓர் அட்டையை மட்டும் உருவிக்கொண்டான்.

"அது இன்னாத்துக்கு?"

"இருக்கட்டும்."

"எத்தினி நாளைக்கு?"

"புதுசு வர வரைக்கும்."

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்திலிருந்து அம்மாசி அனுப்பிய அட்டை அது. பசுவும் கன்றும் படம்.

அவரோடு பழக்கம் எழுபத்தாறில் தொடங்கியது. மழை பொய்த்த அந்தக் கோடையில் தனசேகரன் நாலைந்து பேரோடு மாடுகளை மலைக்கு மேய்ச்சலுக்கு ஓட்டிப் போனான். ஐந்தாம் நாளே குளிர்க் காய்ச்சல். கூட வந்தவர்கள் பயந்து இறங்கிவிட்டார்கள். முன்பின் தெரியாத அம்மாசியும் அவர் மனைவி சாலம்மாளும் அவனைத் தங்கள் வீட்டில் கிடத்திப் பன்னிரண்டு நாள் பார்த்துக்கொண்டார்கள். சாமைக் கஞ்சியை அம்மாசி தன் கையாலேயே ஊட்டினார். மாடுகளையும் அவரே மேய்த்தார்.

ஊர் திரும்பியவனுக்கு இதற்கெல்லாம் என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த பொங்கலுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு வாழ்த்து அட்டை வாங்கி அனுப்பினான். மலையிலிருந்தும் ஒன்று வந்தது. அம்மாசிக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் போகும் மகள் செவ்வந்தி எழுதியிருந்தாள். அதன்பிறகு ஒரு வருஷமும் தவறியதில்லை.

அவனைக் குடைந்துகொண்டிருந்தது போன புரட்டாசியில் நடந்தது. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். ஊருக்கு ஊர் மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். கேட்டது நியாயம் என்பதில் தனசேகரனுக்கு அன்றும் சந்தேகமில்லை, பிறகும் சந்தேகமில்லை. நல்ல மார்க் வாங்கிய அவன் அக்கா மகன் ஏர் பிடித்துக்கொண்டிருந்தான். கச்சிராயபாளையம் ரோட்டில் தங்கள் ஊர் முனைப் புளியமரத்தைச் சாய்த்தவர்களில் தனசேகரனும் ஒருவன்.

முதல் நாள் ஒரு பால் வண்டியை விட்டுவிடலாமே என்று அவன் சொல்லப் போக, மறியலுக்கு முன்னால் நின்ற ஊர்ப் பையன் வீரமுத்து எல்லார் எதிரிலும், "மாமா, நீ யாரு பக்கம்?" என்று கேட்டுவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவனுக்குள் முள்ளாக நின்றது.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப் வந்து நின்றது.

"பாம்பு கடிச்சிடுச்சிங்க. வழி வுடுங்க" என்று ஒரு பெண் குரல் கேட்டது. கொஞ்சம் பொறுத்து அதே குரல், "இந்த ஊர்ல தனசேகரன்னு இருக்காருங்க. அவரக் கூப்புடுங்க, அவருக்கு எங்களத் தெரியும்" என்றது.

சாலம்மாளின் குரல். கோடாலியோடு கிளைகளுக்குப் பின்னால் நின்ற தனசேகரனுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. வீரமுத்து திரும்பி அவனைப் பார்த்தான்.

"உனுக்குத் தெரிஞ்சவங்களா மாமா?"

"மலை ஆளுங்க எத்தினியோ பேரு வராங்க, போறாங்க. தெரியலயே."

சுற்றிக்கொண்டு போகச் சொன்னார்கள். ஜீப் சற்று நேரம் நின்றது. பிறகு பின்வாங்கி, வந்த வழியே திரும்பிப் போனது.

கடிபட்டது யார் என்று அவன் பார்க்கவில்லை. வேறு யாராவதாக இருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். விசாரிக்கவும் துணியவில்லை, அந்த வருஷம் அட்டை அனுப்பவும் துணியவில்லை. பொங்கலுக்கு மலையிலிருந்து அட்டை வந்துவிட்டால் அம்மாசி நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். நாலு மாதமாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான்.

உளுந்தூர்பேட்டை மச்சான் அட்டை வந்தது. திருக்கோவிலூர் சித்தப்பா அட்டை வந்தது. தினமும் தபால்காரர் சைக்கிளுக்காக வாசலில் நின்றான். தை பத்து ஆகியும் மலையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"எழுதற பொண்ணுக்குக் கண்ணாலம் ஆயிருக்கும்" என்றாள் பெரியநாயகி. அந்தச் சமாதானம் இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் வெள்ளிமலை பஸ் ஏறினான்.

சாலம்மாள் வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் "வா தம்பி" என்பவள், "வாங்க" என்றாள். அவள் நெற்றியைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணன்..."

"புரட்டாசியில பூட்டாரு. கட்டுவிரியன். சுத்திக்கினு போனதுல கள்ளக்குறிச்சி போய்ச் சேரல." கை வேலையை நிறுத்தவில்லை. "உங்க ஊரு மொனையில நின்னோம். உங்க பேரக்கூடச் சொன்னேன். நீங்க ஊர்ல இல்ல போலருக்கு."

ஆமாம் என்று சொன்னால் போதும். அவளே வழி காட்டிவிட்டாள். அவன் தொண்டை வரை வந்தது அந்தச் சொல்.

"இருந்தேன் அண்ணி. மரத்துக்குப் பின்னாலதான் நின்னுக்கினு இருந்தேன். நீங்க கூப்டது கேட்டுது. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அவள் கையிலிருந்த புளியை முடித்தாள். உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து அவன் எதிரில் வைத்தாள். அதில் பதினோரு அட்டைகள். எல்லாம் அவன் அனுப்பியவை.

"அவரு ஒண்ணையும் வுட்டதில்ல. அவரு போனப்புறம் இத எத்தினி நாளைக்கு வெச்சிருக்கறதுன்னு யோசிச்சிக்கினே இருந்தேன். நீங்க ஊர்ல இல்லன்னு நெனச்சித்தான் வெச்சிருந்தேன். எடுத்துக்கினு போங்க."

திரும்பும் பஸ்ஸில் ஒவ்வொன்றாகப் பிரித்தான். எண்பதாம் வருஷத்து அட்டையில் அவன் கையெழுத்தில் இருந்தது: 'எங்கள் பக்கம் எப்போது வந்தாலும் என் பெயரைச் சொன்னால் போதும்.' அதற்கு மேல் அவனால் படிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பெரியநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மறுநாள் காலை பதினோரு அட்டைகளையும் சணலில் கோத்துக் கூடத்தில் தொங்கவிட்டாள்.

"யாரு அனுப்புனதுன்னு வரவங்க கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லுங்க."

முதலில் கேட்டவன் வீரமுத்துதான். தனசேகரன் மறைக்காமல் சொன்னான்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாலு பேரா தூக்கியாந்து இந்தாண்ட வண்டி ஏத்தியிருப்பமே மாமா" என்றான் வீரமுத்து.

அவன் அப்படிச் செய்திருப்பான் என்று தனசேகரனுக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்தேதான் இருந்தது.

அடுத்த தைக்கு முன்னால் கள்ளக்குறிச்சி போய் ஓர் அட்டை வாங்கினான். சாலம்மாள் பேருக்கு விலாசம் எழுதினான். உள்ளே எழுத ஒரு வரியும் வரவில்லை. வெறும் பெயரை மட்டும் போட்டுத் தபால் பெட்டியில் சேர்த்தான்.

பதில் வரவில்லை. அட்டை திரும்பியும் வரவில்லை.