அருள்குமார் எழுதிய அழிப்புக் கட்டளை

“போனது போனதுதானா? திரும்பி வராதா?”

“கொஞ்சம் மெதுவா பேசு வாணி. பக்கத்து வூட்ல கேக்குது.”

“கேக்கட்டுங்க. ரெண்டு வருசமா நான் எடுத்த கணக்குப் பாட வீடியோ அத்தனையும் உங்க புரோகிராம் முழுங்கிருச்சுன்னு ஊருக்கே தெரியட்டும். திங்கக்கெழம ஓசூர் டியூசன் கம்பெனிக்காரங்ககிட்ட எதைக் காட்டி வேலை கேப்பேன்?”

பக்கத்து வீட்டு பானுமதி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அருள்குமார் தலை நிமிரவில்லை. மனைவி கத்துகிறவரை இருப்பாள், நிறுத்திவிட்டால் போய்விடுவாள் என்பது அவனுக்குத் தெரியும்.

பாப்பாரப்பட்டியில் அவன் செய்கிற தொண்டு என்னவென்று யாருக்கும் புரிந்ததில்லை. கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் தட்டுகிற அரதப்பழைய கட்டளைகள் உண்டு: பட்டியல் போடு, வரிசைப்படுத்து, அழி. அவற்றைப் பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் திரும்ப எழுதுகிற கூட்டம் ஒன்று உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறது. சம்பளம் கிடையாது. அந்தக் கட்டளைகளோ அவன் கம்ப்யூட்டரிலேயே ஏற்கெனவே சும்மா கிடந்தன. “ஒகேனக்கல் தண்ணி பைப்புல வருது, எம் பையன் கெணறு வெட்டறான்” என்று அவன் அம்மா சென்னம்மாளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு ரோஷம் உண்டு. எழுதியவன் தான் எழுதியதையே புழங்க வேண்டும். அருள்குமார் பழைய அழிப்புக் கட்டளையைத் தூக்கிவிட்டுத் தன்னுடையதை அங்கே உட்காரவைத்தான். பெரிய கோப்புகளை வைத்துச் சோதித்துப் பார்க்க வாணியின் வீடியோக்களை விட்டால் வீட்டில் வேறில்லை. தன் சோதனை ஃபோல்டருக்குள் அவை இருக்கிற இடத்தைச் சுட்டுகிற ஒரு கைகாட்டி மட்டும் வைத்தான். வேலை முடிந்து ஃபோல்டரை அழித்தான். பழைய கட்டளையாக இருந்தால் கைகாட்டியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கும். இவனுடையது, பாலக்கோடு என்று எழுதிய பலகையைப் பிடுங்கச் சொன்னால் நேராகப் பாலக்கோட்டுக்கே போய் ஊரை இடித்துவிட்டு வருகிற ரகம்.

“காப்பி எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?”

“என் புரோகிராமுக்கு மூணு எடத்துல இருக்கு.” வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்.

“அதுக்கு மட்டும் இருக்கு,” என்றாள். இம்முறை குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் தருமபுரியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மீட்டுக் கொடுத்தார்கள். வீடியோக்களின் பெயர்கள் வந்தன, திறந்தால் ஒன்றுமில்லை. அருள்குமார் நடந்ததைக் கூட்டத்துக்கு எழுதினான். போலந்துக்காரர் ஒருவர் இரண்டே வரியில் பிழையைத் திருத்தி, அருமையான சோதனை, நன்றி என்று பதில் போட்டார். வாணிக்கு அதை அவன் படித்துக் காட்டவில்லை.

திங்கட்கிழமை, போனில் மிஞ்சிய ஒற்றைப் பாடத்தோடு ஓசூர் போனாள். வேலை வேறு யாருக்கோ போயிற்று. அவள் திரும்பி வரவில்லை. அங்கே அக்கா வீட்டில் தங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். விவாகரத்து இழுத்தடித்து ஒருவழியாக முடிந்ததும் லாரி புக்கிங் ஆபீஸ்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். சென்னம்மாள் மகளோடு இருக்க ஏரியூர் போய்விட்டாள். அருள்குமார் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அதியமான்கோட்டையில் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனான்.